சீழ் நின்றது, நோய் நிற்கவில்லை: பணகுடிப் பக்கத்து ஒரு வெட்டை நோய் நிகழ்வு

நோயாளிக்கு வயது 31. மணமானவர், நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை. காற்றாலைக் கோபுரங்களை நிறுத்தும் குழுவில் பிட்டர். ஊர் பணகுடிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆளை யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக ஊர், தொழில் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் என் கிளினிக் பலகையில் 'தோல், பால்வினை நோய் சிகிச்சை' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் இரண்டாவதுக்காக வருகிறவர்களும் முதலாவதைச் சொல்லித்தான் டோக்கன் வாங்குவார்கள். இவரும் தொடையிடுக்கில் படர்தாமரை என்று வந்தார். படர்தாமரை இருந்தது. களிம்பு எழுதி வாங்கிக்கொண்டு எழுந்து, கதவில் கை வைத்த பிறகுதான், "இன்னொண்ணும் கேக்கணும் சார்" என்று திரும்பினார். சிறுநீர்த் துவாரத்தில் மஞ்சளாகச் சீழ். சிறுநீர் போகும்போது தாங்க முடியாத எரிச்சல். நான்கு நாட்களாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் இது மூன்றாவது முறை.

வெட்டை நோய் (கொனோரியா) இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. முதல் முறையாகச் சீழோடு வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்றாவது முறை என்றால், முதல் இரண்டு முறையும் என்ன நடந்தது என்று கேட்டாக வேண்டும்.

அதுவரை விழுங்கியவை

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் மாதங்களில் காற்றாலை ஓடும், கோபுரம் நிறுத்த முடியாது. கிரேன் ஆடும். அதனால் நிறுத்தும் வேலை காற்று குறைந்த மாதங்களில்தான். இவருடைய குழு ஐப்பசியிலிருந்து குஜராத்தில், கட்ச் பகுதியில் இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்கு வந்தாக வேண்டும், அது இந்தச் சீமையின் வழக்கம். ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அங்கே ஒரு உறவு. ஆணுறை இல்லை.

உறவு ஆணோடா பெண்ணோடா, வாய்வழி உறவு இருந்ததா, ஆசனவாய் வழி இருந்ததா என்று வருகிற எல்லாரிடமும் ஒரே குரலில் கேட்டுவிடுவேன். குரலை மாற்றினால் பதிலும் மாறிவிடும். முதல் கேள்விக்கு அவர் சொன்ன பதில் இங்கே தேவையில்லை. வாய்வழி உறவும் இருந்தது என்பது தேவை. அதனால்தான் தொண்டையிலும் குச்சியால் தடவி ஸ்வாப் எடுத்தோம்.

மூன்றாம் நாள் எரிச்சல், நான்காம் நாள் சீழ். முகாமில் கூட இருந்தவர் ஒரு பட்டை மாத்திரை கொடுத்தார்: ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் வயிற்றுப்போக்குக்காகப் பையில் வைத்திருக்கும் மருந்து அது. ஐந்து நாள் சாப்பிட்டார். எரிச்சல் குறைந்த மாதிரி இருந்ததாம், சீழ் நிற்கவில்லை.

"சூடுன்னுதான் நெனச்சேன் சார். அந்தூர் வெயில் அப்பிடி. இங்க வந்து நாலு நாள் பதனி குடிச்சேன், நுங்கு தின்னேன். அடங்கல."

ஊரில் மருந்துக் கடை அண்ணாச்சியிடம் "நீர்க்கடுப்பு, கொஞ்சம் சீழும் வருது" என்று சொன்னார். அண்ணாச்சி கெட்டிக்காரர், வியாதியைச் சரியாகவே ஊகித்திருக்கிறார். செஃபிக்ஸிம் 200 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, மூன்று நாளைக்கு. இரண்டாம் நாளே சீழ் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் மாத்திரையைப் போடவில்லை. கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தார்கள். அந்த வாரமே மனைவியோடு உறவு.

மூன்று வாரம் கழித்து மறுபடி சீழ். இந்த முறை கொஞ்சம் பயந்துபோய், ஒரு லேபில் சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுத்தார். 'நுண்ணுயிர் வளர்ச்சி இல்லை' என்று தாள் வந்தது. அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருந்தார், பாவம். வெட்டை நோய்க் கிருமி சாதாரணச் சிறுநீர்க் கல்ச்சர் ஊடகத்தில் வளராது; அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிருமி இல்லை என்ற தெம்பில் வேறொரு கடையில் அசித்ரோமைசின் 500, மூன்று மாத்திரை. சீழ் வற்றியது. காலையில் மட்டும் ஒரு சொட்டு நின்றுகொண்டே இருந்தது. இரண்டு வாரத்தில் பழையபடி ஆகி என்னிடம் வந்தார்.

பர்ஸிலிருந்து மீந்த மாத்திரைகளை எடுத்து மேஜையில் வைத்தார். கத்தரித்த பட்டைகள். கத்தரி விழுந்த இடத்தில் மருந்தின் பெயர் போய்விட்டது. ஒன்றில் '200' என்ற எண்ணும், காலாவதி மாதத்தின் பாதியும். இன்னொன்றில் ஒரு சிவப்புக் கோடு மட்டும். மருத்துவர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்காக அச்சடித்த கோடு அது. எது செஃபிக்ஸிம் என்று மாத்திரையின் வடிவத்தையும் அவர் நினைவையும் வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

ஸ்வாப் முதலில், ஊசி பிறகு

பரிசோதனையில் சிறுநீர்த் துவாரம் சிவந்து, அழுத்தாமலே சீழ் தெரிந்தது. புண் இல்லை, விதைப்பையில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சீழைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் கிராம் சாயம் போட்டுப் பார்த்தபோது, சீழ் அணுக்களுக்குள் இளஞ்சிவப்பாக, அவரை விதை வடிவில், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. சீழோடு வரும் ஆணிடம் இந்தக் காட்சி தெரிந்துவிட்டால் நோயை உறுதி செய்ய வேறு எதுவும் வேண்டியதில்லை. 1879இல் ஆல்பர்ட் நைசர் பார்த்ததும் இதைத்தான்.

ஆனால் எந்த மருந்துக்குச் சாகும் என்பதைச் சாயம் சொல்லாது. அதற்குக் கிருமியை உயிரோடு வளர்க்க வேண்டும். இந்தக் கிருமியோ மனித உடம்பை விட்டு வெளியே வந்தால் பிழைக்கத் தெரியாதது. காய்ந்தால் சாகும், குளிர்ந்தால் சாகும், சாதாரணப் பஞ்சிலுள்ள கொழுப்பு அமிலத்துக்கே சாகும். எங்கள் பகுதியில் நுண்ணுயிரியல் லேப் நடத்தும் மேடம் இதைப் பற்றிப் பேசினாலே சூடாகிவிடுவார். "ஸ்வாபைப் பிரிட்ஜில வெச்சு மறுநாள் அனுப்புதாங்க டாக்டர். பொணத்தை அனுப்பிட்டு ரிப்போர்ட் கேட்டா நான் என்ன எழுத?"

அதனால் கிருமியை வளர்க்கும் தட்டையே கிளினிக்குக் கொண்டுவந்துவிட்டோம். சாக்லேட் அகார் தட்டு ஒன்று. வேண்டாத கிருமிகளை அடக்கும் மருந்து கலந்த தேயர் மார்ட்டின் தட்டு ஒன்று. இரண்டும் அறை வெப்பத்துக்கு வரும்வரை அவரை உட்கார வைத்தேன். பாலியெஸ்டர் முனை ஸ்வாபால் எடுத்த சீழை அங்கேயே தட்டில் இழுத்துப் பூசி, அகல வாய் ஜாடியில் வைத்து, வாசனையும் நிறமும் இல்லாத வெள்ளை மெழுகுவர்த்தியை உள்ளே ஏற்றி மூடினால், திரி அணையும்போது ஜாடிக்குள் கிருமிக்குத் தேவையான கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கும். ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உதவியாளர் ஆட்டோவில் போனார். அக்னி நட்சத்திர நேரம். வழியில் எங்கும் நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

தொண்டை ஸ்வாபும், முதல் சிறுநீரும் பி.சி.ஆர். சோதனைக்குச் சென்னைக்குப் போயின. அந்தச் சோதனைக்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை, டி.என்.ஏ. போதும், அதனால் கூரியர் தாங்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, இடுப்புத் தசையில், ஒரு கிராம். அமெரிக்க வழிகாட்டுதல் 500 மில்லிகிராம் என்கிறது, பிரிட்டன் ஒரு கிராம் என்கிறது. தொண்டையிலும் தொற்று இருக்கலாம் என்பதால் கூடுதல் அளவைத் தேர்ந்தெடுத்தேன். கிளமீடியா (கூடவே வரக்கூடிய இன்னொரு பால்வினைத் தொற்று) இல்லை என்று தெரியும்வரை அதற்கும் சேர்த்து டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், இருவேளை, ஏழு நாள்.

ஊசிக்குப் பிறகு எடுக்கும் ஸ்வாபில் பெரும்பாலும் எதுவும் வளராது. வலியோடு இருப்பவரை அரை மணி நேரம் காக்க வைப்பது சங்கடமான வேலைதான், ஆனால் அந்த அரை மணி நேரம் போனால் திரும்பக் கிடைக்காது.

தட்டில் வளர்ந்தது

மறுநாளே பனித்துளி போல் சிறிய, சாம்பல் நிறக் குமிழ்கள். ஆக்சிடேஸ் சோதனையில் ஊதா. குளுக்கோஸை மட்டும் புளிக்க வைத்தது, மால்டோஸை விட்டுவிட்டது. ஆக இதே குடும்பத்து மூளைக்காய்ச்சல் கிருமியல்ல, கொனோரியாதான். அடுத்த இரண்டு நாளில் மருந்துச் சோதனை முடிவும் வந்தது.

பெனிசிலினுக்கு அடங்கவில்லை. நைட்ரோசெஃபின் துளி விட்டதுமே மஞ்சள் சிவப்பானது, அதாவது பெனிசிலினை உடைக்கும் நொதியைக் கிருமியே தயாரிக்கிறது. டெட்ராசைக்ளினுக்கு அடங்கவில்லை. சிப்ரோஃப்ளாக்சசினுக்குத் துளியும் அடங்கவில்லை. ஓஃப்ளாக்சசின் அதே குடும்பம் என்பதால் கட்ச் முகாமில் அவர் சாப்பிட்ட ஐந்து நாள் மாத்திரை வீண் என்று புரிந்தது. இந்தியாவில் இந்தக் குடும்பம் வெட்டை நோய்க்கு உதவாது என்பது பல வருடம் பழைய செய்தி. மாத்திரைப் பட்டைக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

அசித்ரோமைசினின் எம்.ஐ.சி., அதாவது வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்சச் செறிவு, மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம். 1 வரை இருந்தால்தான் கேட்கும் என்று கணக்கு. இதுவும் போச்சு.

செஃபிக்ஸிம் 0.125. செஃப்ட்ரியாக்சோன் 0.03. இரண்டுக்கும் எல்லை 0.25. ஊசி கேட்கும் என்று உறுதியானதில் நிம்மதி. ஆனால் செஃபிக்ஸிம் எண்ணைப் பார்த்து மேடமும் நானும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். நான் எதிர்பார்த்தது வேறு. செஃபிக்ஸிம் சாப்பிட்டும் நோய் திரும்பியிருக்கிறது. ஆகவே செஃபிக்ஸிமை எதிர்க்கும் கிருமி என்றுதான் மனதில் எழுதி வைத்திருந்தேன். தாளில் அது இன்னும் கேட்கும் மருந்து. எல்லைக்கு ஒரு படி கீழே நிற்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் திரும்பியது? மருந்து தோற்றிருந்தால் சீழ் நின்ற சில நாட்களிலேயே திரும்பியிருக்க வேண்டும். இவருக்கு நடுவில் மூன்று வாரம் சுத்தமாக இருந்திருக்கிறது. வேறு யாரோடும் உறவில்லை என்கிறார், நம்புகிறேன். மிஞ்சுவது இரண்டு இடங்கள். ஒன்று தொண்டை: பி.சி.ஆர். முடிவில் சிறுநீரும் பாசிட்டிவ், தொண்டையும் பாசிட்டிவ் (கிளமீடியா இரண்டிலும் இல்லை). செஃபிக்ஸிம் தொண்டையில் சரியாக வேலை செய்வதில்லை. அங்கே கிருமி வலியோ சீழோ இல்லாமல் சும்மா இருக்கும். மற்றொன்று மனைவி.

மனைவி

"அவகிட்ட கர்ப்பப்பைல சூடுன்னு சொல்லி ஊசி போட்டுருங்க சார்" என்றார். இப்படிக் கேட்காத கணவர்கள் குறைவு. முடியாது என்றேன். மனைவியின் உடம்புக்குள் போகும் மருந்து எதற்கு என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. தவிர, 'சூடு' என்று சொன்னால் மறுபரிசோதனைக்கு அவர் வர மாட்டார். வீட்டில் நீங்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இங்கே என் முன்னால் சொல்லுங்கள், இரண்டில் ஒன்று என்றேன். மூன்று நாள் கழித்து இருவரும் வந்தார்கள். சொல்லியிருந்தார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார்.

வயது 27. கேட்டால், ஒரு தொந்தரவும் இல்லை. துருவினால், கொஞ்சம் வெள்ளைப்படுதல், "அது எல்லாருக்கும் உள்ளதுதானே." அடிவயிற்று வலி இல்லை. கருப்பை வாயில் லேசான சிவப்பு, தொட்டால் ரத்தக் கசிவு. பெண்களில் பாதிப் பேருக்காவது இந்த நோய் வெளியே தெரியாது. கிராம் சாயமும் அவர்களிடம் அவ்வளவு நம்பகமில்லை. அவருக்கும் தட்டில் பூசினோம். வளர்ந்தது. கணவருடைய கிருமி எந்த மருந்துக்கு அடங்கியதோ, அடங்கவில்லையோ, அதே வரிசை. ஒரே வகைக் கிருமி என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, மரபணு வரிசை பார்க்க வேண்டும். ஆனால் சிகிச்சைக்கு இது போதும்.

ஆக நடந்திருக்கக்கூடியது இதுதான். செஃபிக்ஸிம் அவருடைய சிறுநீர்ப் பாதையை ஓரளவு சுத்தம் செய்தது. அது முடிவதற்குள்ளோ, தொண்டையிலிருந்தோ மனைவிக்குப் போனது. மனைவியிடமிருந்து மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மருந்துக்கு அடங்காத கிருமி என்று நான் நினைத்த அந்த ஒரு தடவை, மருந்துமேல் குற்றமில்லை. ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவரை விட்டதுதான் காரணம்.

மனைவிக்கும் ஊசி போட்டேன். இரண்டு கேள்வி கேட்டார். "இது பிள்ளைக்கு வருமா?" வராது என்றேன், பிரசவ நேரத்தில் தாய்க்கு இருந்தால்தான் பிறக்கும் குழந்தையின் கண்ணைத் தாக்கும், கூட விளையாடுவதால் வராது. இரண்டாவது: "அவுகளுக்கு அந்தக் கடையில மாத்திரை குடுத்தாங்களே, எனக்கு ஏன் குடுக்கல?"

அண்ணாச்சியைத் திட்டுவது சுலபம். பணகுடியிலிருந்து ஒரு சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும். கடை தெரு முனையில் இருக்கிறது, அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை. செஃபிக்ஸிம் 2014 மார்ச் முதல் அட்டவணை எச்1இல் இருக்கிறது. சீட்டைப் பார்த்து, நோயாளி பெயரைப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பெயரை எழுதக் கேட்டாலே வெட்டை நோய்க்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அது அண்ணாச்சிக்கும் தெரியும். அந்த அம்மாவின் கேள்விக்கு அண்ணாச்சியிடம் பதில் இருக்க முடியாது, ஏனென்றால் அவர் கடைக்கு வந்தது ஒருவர்தான்.

இரண்டு வாரம் கழித்து

தொண்டை பி.சி.ஆர். நெகட்டிவ். மறு கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. கொனோரியா போய்விட்டது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. "சீழ் இல்ல சார். காலைல மட்டும் தண்ணி மாதிரி ஒரு சொட்டு. உள்ள ஒரு அரிப்பு."

அசித்ரோமைசினுக்குப் பிறகு நின்ற அதே ஒரு சொட்டு. சாயம் போட்டுப் பார்த்தால் சீழ் அணுக்கள் நிறைய, உள்ளே ஒன்றுமில்லை. இங்கே பலர் இன்னொரு செஃப்ட்ரியாக்சோனைப் போட்டுவிடுவார்கள். போட்டிருந்தால் அதுவும் வீண்தான். ஏனென்றால் அடுத்த பி.சி.ஆரில் வந்த பெயர் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம். மனைவியிடமும் அதே.

இதை எங்கள் பக்கத்தில் அவ்வளவாகத் தேடுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் லண்டனில், சிறுநீர்ப் பாதை அழற்சியோடு வந்த ஆண்களிடம் முதலில் கண்டார்கள். தனியே வளரக்கூடிய உயிரிகளில் மிகச் சிறிய மரபணுத் தொகுதிகளில் ஒன்று இதனுடையது, சுமார் 5,80,000 எழுத்துகள். 1995இலேயே முழுதாகப் படித்து முடித்துவிட்டார்கள். தட்டில் வளர்க்க வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். முக்கியமாக, இதற்குச் செல்சுவர் கிடையாது. பெனிசிலினிலிருந்து செஃப்ட்ரியாக்சோன் வரை எல்லாம் செல்சுவரைத் தாக்கும் மருந்துகள். சுவரே இல்லாத வீட்டுக்குக் கடப்பாரையோடு போன கதை.

இந்தக் கிருமிக்கு முன்பெல்லாம் அசித்ரோமைசின் ஒரு கிராம் கேட்டுக்கொண்டிருந்தது. கிருமியின் ரிபோசோமில் (புரதம் தயாரிக்கும் பகுதியில்) ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், அந்த மருந்து ஒட்டாது. அசித்ரோமைசின் உடம்பை விட்டு மெதுவாக வெளியேறும் மருந்து. கொல்லப் போதாத அளவில் பல நாள் தங்கியிருக்கும், அந்த நாட்களில் தாங்குகிற கிருமி மட்டும் பெருகும். கோவிட் காலத்தில் காய்ச்சல் என்றாலே இதை விழுங்கினோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை அந்த லேப் செய்வதில்லை. மூன்று மாத்திரை சாப்பிட்டும் இவருக்கு நிற்காததால், மாறியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டேன். டாக்சிசைக்ளின் ஏழு நாள், கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்க. உடனே தொடர்ந்து மாக்சிஃப்ளாக்சசின் 400 மில்லிகிராம், தினம் ஒன்று, ஏழு நாள்.

மாக்சிஃப்ளாக்சசினை நான் கை நடுங்காமல் எழுதுவதில்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நம்மிடம் இருக்கும் முக்கிய ஆயுதங்களில் அது ஒன்று. அதனால் இருமல், இரவுக் காய்ச்சல், எடைக்குறைவு உண்டா என்று இருவரிடமும் கேட்ட பிறகே எழுதினேன். மறைந்திருக்கும் காசநோயை ஒரு வார மருந்து மூடி மறைத்துவிடும். மனைவிக்கு இரண்டு மருந்துமே கர்ப்பத்தில் கூடாது, ஆகவே முதலில் கர்ப்பச் சோதனை, நெகட்டிவ் வந்த பிறகுதான் மாத்திரை. இவருக்கு வேறொரு எச்சரிக்கை. இந்தக் குடும்ப மருந்துகள் அபூர்வமாகக் குதிகால் நரம்பை அறுத்துவிடும். நாம் நரம்பு என்று சொல்வது தசைநாரைத்தான். எண்பது, நூறு மீட்டர் ஏணி ஏறுகிற ஆள். நல்லவேளை, காற்று சீசன்; ஏற வேண்டிய வேலை இல்லை. இருந்தாலும் மருந்து முடிந்தும் சில வாரம் குதிகாலில் வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றேன்.

ஐந்து வாரத்தில் இருவருக்கும் பி.சி.ஆர். நெகட்டிவ்.

இந்த ஒரு நிகழ்வுக்கு வெளியே

வெட்டை நோய்க் கிருமி இதுவரை ஒரு மருந்தையும் நிரந்தரமாக விட்டு வைத்ததில்லை. 1930களில் சல்ஃபா மருந்து வந்தது. 1940களின் நடுவில் அது உதவாமல் போனது. அப்புறம் பெனிசிலின். அளவைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தார்கள்; 1976இல் பெனிசிலினை உடைக்கும் கிருமி வந்துவிட்டது. 80களில் டெட்ராசைக்ளின் போனது. சிப்ரோஃப்ளாக்சசினை 2007இல் அமெரிக்கா கைவிட்டது. செஃபிக்ஸிமை 2012இல் முதல் மருந்து என்ற இடத்திலிருந்து இறக்கியது. கூடவே கொடுத்துக்கொண்டிருந்த அசித்ரோமைசினை 2020 டிசம்பரில் நீக்கி, செஃப்ட்ரியாக்சோனைத் தனியே நிறுத்தியது. சிபிலிஸ் கிருமியோ எண்பது வருடமாகியும் பெனிசிலினுக்கு அப்படியே அடங்கிக் கிடக்கிறது. ஒரே வழியில் பரவும் இரண்டு நோய்கள், இவ்வளவு வித்தியாசம்.

காரணங்களில் ஒன்று தொண்டையில் இருக்கிறது. அங்கே வெட்டை நோய்க் கிருமியின் சொந்தக்காரர்களான, தீங்கில்லாத நைசீரியாக்கள் எப்போதும் குடியிருக்கின்றன. நாம் சளிக்கும் காய்ச்சலுக்கும் சாப்பிடும் ஒவ்வொரு மருந்தையும் அவையும் சந்திக்கின்றன, தாங்கப் பழகுகின்றன. கொனோரியா கிருமி அக்கம்பக்கத்து டி.என்.ஏ.வை எடுத்துத் தன்னோடு கோத்துக்கொள்ளும் இயல்புடையது. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் இரண்டையும் எதிர்க்கும் பென்ஏ மரபணுவின் ஒட்டுப்போட்ட வடிவங்கள் அப்படி வந்தவைதான். 2009இல் ஜப்பானில் கியோட்டோவில் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமி செஃப்ட்ரியாக்சோனை வலுவாக எதிர்த்தது. 2018இல் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போய் வந்த பிரிட்டன்காரர் ஒருவருக்கு செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் இரண்டுமே கேட்கவில்லை. எர்ட்டாபெனம் என்ற மருந்தை ஏற்றிக் குணப்படுத்தினார்கள். நம்மூர் ஆட்கள் போகாத நாடில்லை, வராத விமானமில்லை. அந்தக் கிருமி பாளைக்கு வந்தால் நாம் அறிந்துகொள்வோமா என்பதுதான் என் கவலை. தட்டில் பூசினால் அறிவோம். பூசாவிட்டால் 'ஊசி போட்டும் நிற்கல' என்று இன்னொரு கடைக்குப் போவார்கள்.

அரசு முறையில், லேப் வசதி இல்லாத இடங்களுக்காக நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) வண்ணப் பொட்டலங்கள் வைத்திருக்கிறது. சீழோடு வருகிறவருக்குச் சாம்பல் நிறப் பொட்டலம்: செஃபிக்ஸிம் 400 மில்லிகிராமும் அசித்ரோமைசின் ஒரு கிராமும், அங்கேயே கண் முன்னால் ஒரே வேளையாக. துணைக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். கடையில் வாங்கும் மூன்று நாள் மாத்திரையைவிட எவ்வளவோ மேல்; இலவசம்; நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனையும் கையோடு முடியும். ஆனால் பொட்டலத்தைச் சாப்பிட்டும் திரும்பி வருகிறவருக்கு இரண்டாவது பொட்டலம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவரிடம் ஸ்வாப் எடுக்க வேண்டும். சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்தில் எல்லாரையும் வரவழைத்துச் சோதிக்க நம்மிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை, தோற்றவர்களையாவது சோதிக்கலாம்.

புது மருந்துகள் வருகின்றன. சோலிஃப்ளோடாசின், ஜெப்போட்டிடாசின் இரண்டும் வாய்வழி மருந்துகள், மூன்றாம் கட்டச் சோதனையைத் தாண்டிவிட்டன. மூளைக்காய்ச்சல் பி வகைத் தடுப்பூசி வெட்டை நோயிலிருந்தும் ஓரளவு காப்பாற்றுகிறது என்று 2025இல் இங்கிலாந்து அதை ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் போட ஆரம்பித்தது. இவை நம் மருந்துக் கடைக்கு வரும் நாளில் பட்டையைக் கத்தரித்து மூன்று மூன்றாகக் கொடுக்காமல் இருந்தால் சரி.

தொடர் கவனிப்பு

எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி) சோதனைகள் முதல் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் இருவருக்கும் நெகட்டிவ். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இரண்டு தவணை முடிந்தது, மூன்றாவது பாக்கி. படர்தாமரை ஆறியது, அதற்கும் ஏற்கெனவே கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவியிருந்தார், அது தனிக் கதை. மனைவி அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறார். கருக்குழாய் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு என்றாலும் மகப்பேறு மருத்துவரிடம் முழு விவரத்தோடு கடிதம் கொடுத்து அனுப்பினேன். கட்ச்சில் உறவு கொண்ட நபருக்கு, சோதனை செய்துகொள்ளச் சொல்லி நான்கு வரி ஹிந்தியில் எழுதிக் கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "எங்கே போய்ச் சோதிக்கணும்?" என்று பதில் வந்ததால், அங்குள்ள அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகச் சொல்லி இன்னொரு வரி அனுப்பினோம்.

ஐப்பசியில் குழு மறுபடியும் கிளம்புகிறது. "அவசரத்துக்குப் பையில வெச்சுக்க ஒரு பட்டை எழுதித் தாங்க சார்" என்றார். எழுதவில்லை. ஆணுறைப் பெட்டியைக் கொடுத்தேன். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று அவருடைய கல்ச்சர் முடிவை ஒரு தாளில் எழுதி, அங்கே எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டச் சொன்னேன். இதையும் லேமினேட் செய்துவிட்டார்.